பக்கக் கைப்பிடி எங்கே போனது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவை கணபதியில் மின்கருவிகளைப் பழுதுபார்க்கும் சிறிய கடை ஒன்றை நடத்துகிறேன். அப்பா தொடங்கிய கடை. அவர் பம்ப்செட் மோட்டார்களுக்குக் காயில் கட்டினார். நான் 2004 முதல் டிரில்லிங் மெஷின், கட்டிங் மெஷின் என்று கையில் பிடித்து ஓட்டும் கருவிகளைப் பார்க்கிறேன். இத்தனை ஆண்டுகளில் எந்தப் பத்திரிகைக்கும் எழுதியதில்லை. இப்போது எழுத வைத்தது ஒரு பையனின் மணிக்கட்டு.

போன மாதம் ஒரு தம்பி கடைக்கு வந்தான். இருபத்திரண்டு வயது இருக்கலாம். வலது கையில் மாவுக்கட்டு, இடது கையில் துணிப்பை, பைக்குள் ஒரு ஹேமர் டிரில். "அக்கா, சுவிட்ச் அமுக்கினால் திரும்ப வர மறுக்கிறது. சரிசெய்து கொடுங்கள்" என்றான். திரைச்சீலைக் கம்பி மாட்டும் வேலை செய்கிறவன். ஜன்னலுக்கு மேலே துளை போடும்போது, மெஷினின் நுனியில் சுழன்று துளைக்கும் பிட், கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியில் சிக்கி நின்றிருக்கிறது. பிட் நின்றதும் மெஷின் சுழன்றிருக்கிறது. சுவிட்ச் ஒட்டிக்கொண்டதால் விரலை எடுத்த பிறகும் நிற்கவில்லை. மணிக்கட்டு எலும்பு முறிந்தது; ஸ்டூலிலிருந்து விழாமல் தப்பியது பெரிய காரியம்.

மெஷினைத் திருப்பிப் பார்த்தேன். பக்கக் கைப்பிடி மாட்டும் இடமான முன்கழுத்து மொட்டையாக இருந்தது. "சைடு ஹேண்டில் எங்கே தம்பி?" என்று கேட்டேன். "வாடகைக்கு எடுத்த மெஷின் அக்கா. கொடுக்கும்போதே இல்லை" என்றான். வாடகைக்குக் கொடுத்தவர், பழுதை அவனே சரிசெய்து திருப்பித் தர வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். கை போனதும் அவனுக்கு, செலவும் அவனுக்கு.

அன்று மாலை கடையில் பழுதுக்கு வந்திருந்த டிரில்களை எல்லாம் மேசைமேல் வரிசையாக எடுத்து வைத்தேன். ஒன்பது இருந்தன. பக்கக் கைப்பிடி இருந்தது இரண்டில். பிளக் இருந்தது ஐந்தில். மற்ற நான்கின் வயர் நுனியிலும் செம்புக் கம்பி முறுக்கி விட்டிருந்தது. கம்பெனியிலிருந்து வரும்போது பெட்டிக்குள் எல்லாம் முழுமையாகத்தான் வருகின்றன. நாம்தான் ஒவ்வொன்றாகக் கழற்றி எறிகிறோம். இந்தக் கடிதம் அதைப் பற்றியது.

நம் வீடுகளில் துளை போடும் வேலை என்றாலே முதலில் நினைவுக்கு வருவது திரைச்சீலைக் கம்பிதான். அதற்கான துளை விழ வேண்டிய இடம் ஜன்னலுக்கு மேலே இருக்கும் லிண்டல். மற்ற சுவர் செங்கல். பிட் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். லிண்டல் அப்படி இல்லை, கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட். வீட்டிலேயே இறுகிய இடத்தில், ஸ்டூல்மேல் நின்றுகொண்டு, கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, இருப்பதிலேயே சின்ன மெஷினை வைத்துக்கொண்டு துளை போடுகிறோம். எதிரில் ஜல்லியும் முறுக்குக் கம்பியும் இருக்கின்றன என்பதை யாரும் அந்தப் பையனுக்குச் சொல்லித் தரவில்லை.

மெஷினுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பாதி ஆபத்து குறையும். 13 மி.மீ. சக் (பிட்டைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) வைத்த சாதாரண ஹேமர் டிரில்லுக்குள் பல் வெட்டிய இரண்டு வட்டுகள் இருக்கின்றன. நாம் அழுத்தும்போது ஒன்றின் பல் இன்னொன்றின் பல்மேல் ஏறி இறங்கித் தட்டுகிறது. நிமிடத்துக்குப் பல்லாயிரம் தட்டுகள். ஆனால் ஒவ்வொன்றும் சின்னத் தட்டு. நாம் அழுத்துகிற அளவுக்குத்தான் அடி. செங்கலுக்கு அது தாராளம். கான்கிரீட்டில் திணறும். திணறும்போது நாம் உடம்பையே சாய்த்து அழுத்துகிறோம். அந்த நேரம் பார்த்துப் பிட் கம்பியைக் கவ்வினால், மோட்டாரின் வலு முழுவதும் பிடித்திருக்கும் கைக்குத் திரும்பி வருகிறது.

கான்கிரீட்டுக்கென்றே இருப்பது ரோட்டரி ஹேமர். அதற்குள் ஒரு பிஸ்டன் காற்றை அமுக்கி, அந்தக் காற்று ஒரு இரும்புத் துண்டைத் தள்ளி, அது பிட்டின் முதுகில் அடிக்கிறது. நிமிடத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் அடிதான். ஆனால் சம்மட்டி அடி. மெஷினே அடிப்பதால் நாம் அழுத்த வேண்டிய தேவையும் இல்லை. நேராகப் பிடித்தால் போதும். பிட்டின் வால் 10 மி.மீ. தடிமனில் பள்ளம் வெட்டியதாக இருக்கும். தள்ளினால் தானே பூட்டிக்கொள்ளும். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1975-இல் கொண்டுவந்த இந்த அமைப்பை எஸ்.டி.எஸ். என்கிறோம். இந்த மெஷின்களில் பிட் சிக்கினால் வழுக்கிவிடும் கிளட்ச் ஒன்றும் இருக்கிறது. கடகடவென்று சத்தம் வரும், கை ஓரளவு தப்பும். பெரும்பாலான சின்ன ஹேமர் டிரில்களில் அந்த கிளட்ச் கிடையாது. ஆகவே லிண்டல், தூண், பீம், மேல்தளம் என்றால் ரோட்டரி ஹேமர் கேட்டு வாங்குங்கள். ஒரு நாள் வாடகையில் பெரிய வித்தியாசம் இருக்காது. எந்த மெஷினாக இருந்தாலும், துளையின் நடுவே சத்தம் மாறி, பிட் முன்னே போகாமல் நின்றால், அது கம்பி. பிட்டை எடுத்துவிட்டு ஒரு அங்குலம் தள்ளித் துளை போட வேண்டும். கல்லுக்கான பிட்டின் நுனியில் கார்பைடு என்ற கடினமான பொருள் இருக்கும். அது கல்லை நொறுக்கும், இரும்பை வெட்டாது. முட்டிக்கொண்டு நின்றால் நுனிதான் உடையும்.

இப்போது பக்கக் கைப்பிடிக்கு வருகிறேன். அதைப் பலரும் பளுவான வேலைக்கு உதவும் துணைப்பொருளாகவே நினைக்கிறார்கள். பிட் சிக்கி மெஷின் சுழலும்போது இன்னொரு கையால் தாங்கிப் பிடிக்கத்தான் அது. "ஜன்னல் மூலையில் இடிக்கிறது, அதனால் கழற்றிவிட்டோம்" என்பதுதான் நான் அடிக்கடி கேட்கும் பதில். அந்தக் கைப்பிடியைத் தளர்த்தி முழு வட்டமாகச் சுழற்றலாம். இடிக்காத பக்கம் திருப்பி மறுபடியும் இறுக்கலாம். இடது கைக்காரரும் மாற்றி வைத்துக்கொள்ளலாம். கடைக்கு வருபவர்களுக்கு நான் சுழற்றிக் காட்டும்போது, பத்து வருடம் வேலை செய்தவர்களே வியந்து பார்க்கிறார்கள்.

அது இல்லாவிட்டால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். வலது கை சுவிட்சைப் பிடிக்கிறது. இடது கைக்குப் பிடிக்க இடம் இல்லாததால், சக்குக்குப் பின்னால் இருக்கும் முன்கழுத்தைப் பிடிக்கிறார்கள். பல மெஷின்களில் அந்தப் பகுதி உலோகம். பிட் சுவருக்குள் ஓடும் வயரைத் துளைத்தால், மின்சாரம் பிட் வழியாகச் சக்குக்கு வந்து, அந்த உலோகத்தில்தான் நிற்கும். இடது கை அங்கே இருக்கிறது. மெஷினின் பெயர்ப்பட்டியில் ஒரு கட்டத்துக்குள் இன்னொரு கட்டம் போட்டிருக்கும். இரட்டை இன்சுலேஷன் உண்டு, எர்த் தேவையில்லை என்று பொருள். அதைக் காட்டி "இது ஷாக் அடிக்காத மெஷின்" என்று சொல்லி விற்கிறார்கள். அந்தப் பாதுகாப்பு மெஷினுக்கு உள்ளிருந்து வரும் கசிவுக்குத்தான். சுவருக்குள்ளிருந்து 230 வோல்ட் வந்தால் அது என்ன செய்யும்? அப்போது கையைக் காப்பது ரப்பர் பிடியும், பிளாஸ்டிக் பக்கக் கைப்பிடியும்தான். ஆகவே அந்தக் கைப்பிடி மணிக்கட்டை மட்டுமல்ல, உயிரையும் பிடித்து நிறுத்துகிறது. இருபது ரூபாய் பிளாஸ்டிக் என்று அதை மூலையில் போட்டுவிடாதீர்கள்.

சுவருக்குள் வயர் எங்கே ஓடுகிறது? சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை போடவே கூடாது. மேல்தளத்திலிருந்து வயர் போகும் குழாய் அந்த வழியாகத்தான் இறங்கும். பக்கவாட்டிலும் அதே உயரத்தில் இன்னொரு பிளக் பாயின்ட் இருந்தால் இடையில் வயர் ஓட வாய்ப்பு உண்டு. குளியலறையில் குழாய்க்கு நேர் மேலே தண்ணீர்க் குழாய். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சுவரை வெட்டிக் குழாய் பதித்த பிறகு, பூச்சு வேலைக்கு முன்னால், ஒவ்வொரு சுவரையும் அளவு நாடாவைப் பிடித்தபடி கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். பத்து நிமிட வேலை. அந்த வீடு இருக்கும் காலம் முழுவதும் பயன்படும். பழைய வீடு என்றால், துளை போடும் அறையின் எம்.சி.பி.யை (மெயின் பெட்டியில் இருக்கும், தானாகத் தட்டிவிடும் சுவிட்ச்) இறக்கிவிட்டு, வேறு சர்க்யூட்டில் இருக்கும் அறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் போட்டு வேலை செய்யுங்கள். இறக்கியது சரியான எம்.சி.பி.தானா என்று அந்த அறையின் விளக்கையும் பிளக் பாயின்ட்களையும் போட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

பிளக் இல்லாத நான்கு மெஷின்களைப் பற்றிச் சொன்னேன். இரண்டு வயர் நுனிகளைச் சாக்கெட் துளைகளில் விட்டு, நழுவாமல் இருக்கத் தீக்குச்சியைச் செருகுகிறார்கள். கட்டட வேலை நடக்கும் எந்த இடத்துக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். வயரை யாராவது காலால் இழுத்தால் ஒரு நுனி மட்டும் வெளியே வந்து தரையில் கிடக்கும். அது எந்த நுனி என்று யாருக்கும் தெரியாது. தரையில், சிமென்ட் இறுகுவதற்காக ஊற்றிய கியூரிங் தண்ணீர் நிற்கும். சித்தாள் வேலைக்கு வரும் பெண்கள் வெறுங்காலுடன் அதன்மேல்தான் நடக்கிறார்கள். டிரில்லைப் பிடித்தவன் மட்டும் அல்ல, டிரில் பக்கமே போகாதவளும் இதில் சாகலாம். இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது. ஒரு பிளக்கின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டை விடக் குறைவு.

எர்த் வேண்டிய மெஷின்களும் உண்டு; கட்டத்துக்குள் கட்டம் இல்லாதவை, உலோக உடம்பு கொண்ட பழைய மெஷின்கள். அவற்றில் மூன்றாவது முனையை வெட்டிவிட்டு இரண்டு முனை சாக்கெட்டில் சொருகுவது தற்கொலைக்குச் சமம். மூன்று முனை பிளக்கில் எர்த் முனை மற்ற இரண்டையும் விட நீளமாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மின்சாரம் வருவதற்கு முன்பே எர்த் தொட்டுவிட வேண்டும் என்பதற்காகத்தான் அந்த நீளம்.

எம்.சி.பி. இருக்கிறதே, தட்டிவிடுமே என்று வீட்டுக்காரர்கள் சொல்வார்கள். எம்.சி.பி. வயரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. 10 ஆம்பியர் எம்.சி.பி. 10 ஆம்பியருக்கு மேல் போனால்தான் அசையும். மனிதனைக் கொல்ல அதில் நூற்றில் ஒரு பங்குகூடப் போதும். மனிதனைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. எனப்படும் கசிவுத் தடுப்பான். 30 மில்லி ஆம்பியர், அதாவது 0.03 ஆம்பியர் கசிந்தாலே கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும். வீட்டில் அது இருந்தால் அதன்மேல் இருக்கும் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். தட்டாவிட்டால் உடனே மாற்றுங்கள். இல்லாத வீடுகளில், வேலைக்காரர்களை அழைப்பதற்கு முன்னால், ஆர்.சி.சி.பி. வைத்த ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியை எலக்ட்ரீஷியனிடம் சொல்லிச் செய்து வைத்துக்கொள்ளலாம்.

அந்தத் தம்பியின் சுவிட்ச் ஏன் ஒட்டிக்கொண்டது என்று திறந்து பார்த்தேன். உள்ளே சிமென்ட் தூள் கெட்டியாகப் படிந்திருந்தது. சுவிட்சின் பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும்; அமுக்கினால் விரலை எடுத்தாலும் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். மெஷினை ஸ்டாண்டில் இறுக்கி மாட்டி ஓட்டும் வேலைக்கு அது வசதி. கையில் பிடித்துச் சுவரில் துளை போடும்போது அதைத் தொடவே வேண்டாம். பல வருடங்களுக்கு முன் மின்வெட்டு அதிகமாக இருந்த காலத்தில் எங்கள் கடையிலேயே ஒன்று நடந்தது. பொத்தான் போட்ட நிலையில் சோதித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது. மெஷினை மேசைமேல் வைத்துவிட்டு அப்பா சாப்பிடப் போனார். மின்சாரம் வந்ததும் மெஷின் தானாக ஓடி, மேசையிலிருந்து குதித்து, தரையில் சுற்றிச் சுற்றி ஓடியது. கடையில் அப்போது என் மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். அடியைத் தூக்கி வைத்து ஓடி அவளை எடுத்த அந்த நொடி இன்னும் எனக்கு மறக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் கடையில், மின்சாரம் போனால் முதல் வேலை பிளக்கைப் பிடுங்குவது. பிட் மாற்றும்போதும் அதே விதிதான். சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டுச் சுவிட்ச் போடாதீர்கள். சாவி துப்பாக்கிக் குண்டுபோல் பறக்கும். சாவியை வயரின் பிளக் முனைக்குப் பக்கத்தில் கட்டி வைத்தால், பிளக்கைப் பிடுங்காமல் சாவியைப் பயன்படுத்த முடியாது. அப்பா செய்த ஏற்பாடு அது.

தூசியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை என்னைவிட அதிகமாகப் பார்ப்பவர்கள் குறைவு. மேல்தளத்தில் துளை போட்ட ஒரு மெஷினைக் கழற்றினால், ஒரு கரண்டித் தூள் மேசையில் கொட்டும். மெஷின் மூச்சு வாங்கும் துளைகள் வழியாக உள்ளே போனது அது. அந்த நேரம் முழுவதும் அதே காற்றைத்தான் அந்த வேலையாளும் மூச்சில் இழுத்தார். கான்கிரீட், கிரானைட், டைல்ஸ் எல்லாவற்றின் தூளிலும் சிலிக்கா இருக்கிறது. நுண்ணிய சிலிக்கா நுரையீரலுக்குள் போனால் தங்கிவிடும். ஆண்டுக்கணக்கில் சேர்ந்து சிலிகோசிஸ் ஆகும். அதைக் குணமாக்க மருந்து இல்லை. முகத்தில் கட்டும் கைக்குட்டையும் துண்டும் அந்த நுண்தூளைத் தடுக்காது. என்95 முகக்கவசம் வேண்டும். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்தோமே, அது இப்போது எந்த அலமாரியில் இருக்கிறது? கண்ணாடியும் வேண்டும். மேலே பார்த்துத் துளை போடும்போது, பழைய ரப்பர் பந்தைப் பாதியாக வெட்டி நடுவில் துளையிட்டு பிட்டில் மாட்டிக்கொண்டால் தூள் கண்ணிலும் விழாது, சக்கிலும் இறங்காது. காதில் பஞ்சு வைப்பதைவிட ரப்பர் அடைப்பான் நல்லது. இந்த மெஷின்களின் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும்.

கைக்குக் கையுறை போடச் சொல்வார்கள் சிலர். துணிக் கையுறை சுழலும் பிட்டில் சிக்கி விரலையும் சேர்த்து இழுக்கும். வேண்டாம். மணிக்கட்டில் தடிமனாகக் கட்டிய கோயில் கயிறு, தொங்கும் துண்டு, விரித்த முடி எல்லாவற்றுக்கும் இதே ஆபத்து.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வேலை முடிந்ததும் ஒரு நிமிடம் சும்மா ஓட விடுங்கள். உள்ளே இருக்கும் விசிறி சூட்டை வெளியேற்றும். சூடாக இருக்கும்போது அப்படியே பெட்டிக்குள் வைத்து மூடினால் காயிலின் வார்னிஷ் கருகும். பிட் சூடாக இருக்கிறது என்று தண்ணீரில் முக்காதீர்கள். நுனி விரிசல் விடும். மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் கட்டிகள் தேய்ந்து 5 மி.மீ. அளவுக்கு வந்தால் இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். துளை வழியாகப் பார்த்தால் சின்னச் சின்ன நீலப் பொறி தெரியும், அது இயல்பு. வட்டமாக நெருப்பு சுற்றினால் உடனே நிறுத்திவிட்டுக் கொண்டு வாருங்கள். அந்த நிலையில் நிறுத்தினால் கார்பன் செலவோடு போகும். இன்னும் நாலு துளைதானே என்று ஓட்டினால் மோட்டாரின் சுழலும் பகுதியான ஆர்மேச்சர் போய்விடும், பிறகு புது மெஷின் வாங்குவதே மலிவு. ரோட்டரி ஹேமரில் பிட்டின் வாலைத் துடைத்துச் சிறிது கிரீஸ் தடவி மாட்டுங்கள். வயரைப் பிடித்து மெஷினைத் தூக்காதீர்கள். வயர் உடம்புக்குள் நுழையும் இடத்தில்தான் முதலில் அறுகிறது. டைல்ஸில் தொடங்கும்போது ஹேமரை (தட்டும் இயக்கத்தை) அணைத்து, மெதுவான வேகத்தில் மேல்பூச்சைக் கடந்த பிறகுதான் ஹேமர் போட வேண்டும்.

வாடகைக்குக் கருவி கொடுப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் பிழைப்பும் என் பிழைப்பும் ஒன்றுதான். பக்கக் கைப்பிடி, பிளக், சக் சாவி மூன்றும் இருந்தால் மட்டும் மெஷினை வெளியே அனுப்புங்கள். திரும்பி வரும்போது இந்த மூன்றும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வீட்டுக்காரர்களும் வாசலிலேயே பார்த்துவிட்டு உள்ளே விடலாம். நாற்காலிமேல் ஸ்டூல் போட்டு ஏறச் சொல்லாமல், பக்கத்து வீட்டில் கேட்டாவது நல்ல ஏணி கொடுக்கலாம். ஆசிரியர் அவர்களே, ஞாயிற்றுக்கிழமை இதழில் வீட்டைப் பற்றி வரும் பகுதியில் ஒரு கால் பக்கமாவது இதற்கு ஒதுக்க முடியுமா? படம் வேண்டுமானால் என் கடையில் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

அந்தத் தம்பியிடம் சுவிட்சுக்குக் காசு வாங்கவில்லை. கட்டுப் பிரித்த பிறகு மறுபடியும் வேலைக்குப் போவான். அவனுக்கு வேறு தொழில் தெரியாது. உபயோகமற்றுப் போன மெஷின்களிலிருந்து நான் கழற்றி வைத்த பக்கக் கைப்பிடிகள் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருக்கின்றன. பெரும்பாலான ஹேமர் டிரில்களின் கழுத்து 43 மி.மீ. அளவுதான் என்பதால் அவற்றில் ஏதாவது ஒன்று பொருந்தும். வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம், பணம் வேண்டாம். மெஷினையும் கையோடு கொண்டு வாருங்கள், கழுத்தை அளந்து மாட்டிக் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடை இல்லை.

இப்படிக்கு,
மின்கருவி பழுதுபார்க்கும் பெண்மணி,
கணபதி, கோவை.